கூரைமேல் கதிரவன்: வாங்கும் முன் ஒரு கணக்கு

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டும் என்றால், வீட்டுக் கூரையில் போடுவதற்கு அளவு வேண்டாமா? வீட்டு மாடியில் சோலார் தகடு வைத்து மின்சாரம் எடுப்பது நல்லதா, நம் வீட்டுக்கு அது ஏற்றதா என்ற கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுந்துள்ளது. எங்கள் வீட்டிலும் எழுந்தது. அதற்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டவற்றை என் அன்புத் தோழியருக்கும் பெற்றோர்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதவைத் தட்டிய கேள்வி

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் நம் ஆலங்காயத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நம் வீட்டு மாடிகளில் மிளகாயும் வடகமும் காய்வது அந்த வெயிலில்தான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தலைமுறை தலைமுறையாகத் தோலை உலர்த்தி வந்ததும் அந்த வெயிலில்தான். ஆகவே, "உங்கள் வெயிலே உங்களுக்குக் காசு" என்று ஒருவர் சொன்னால் அது நம் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். கையில் வண்ணப் படங்கள் அச்சடித்த தாள்கள். "இரண்டு கிலோவாட் போட்டால் போதும் சார். இனி உங்களுக்குக் கரண்ட் பில்லே வராது. விலை 1,30,000 ரூபாய். அரசாங்கம் 60,000 ரூபாய் திருப்பித் தரும். உங்கள் கைக்காசு எழுபதாயிரம்தான். இன்றைக்கே பத்தாயிரம் முன்பணம் கட்டினால் இந்த விலை" என்றார்.

என் தந்தை தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தாயார் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். அந்த மாதம்தான் அம்மாவின் சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. அது என் அக்காவின் நர்சிங் படிப்புக்காக இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம். அப்பா உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்கோ உள்ளூர ஒரே மகிழ்ச்சி. நம் தெருவில் முதல் சோலார் வீடு நம்முடையதாக இருக்கும் என்ற பெருமை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அக்காதான், "அப்பா, ஒரு வாரம் பொறுத்துச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள்" என்றாள். வந்தவருக்கு முகம் வாடிவிட்டது. இருந்தாலும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அந்தத் தாளை எங்கள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டரிடம் காட்டினேன். அவர் தாளைப் படிக்கவில்லை. "உங்கள் வீட்டு மின் அட்டை எங்கே?" என்று கேட்டார். பாடம் அங்கேதான் தொடங்கியது.

வெளிச்சமா, வெப்பமா?

கணக்குக்கு முன் சிறிது அறிவியல். ஒளி பட்டால் மின்னோட்டம் உண்டாகும் என்பதை 1839-இல் பிரான்சு நாட்டின் எட்மண்ட் பெக்கரல் கண்டார். ஒளி எவ்வாறு எலெக்ட்ரான்களை வெளியேற்றுகிறது என்பதை 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அதற்காகவே 1921-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பயன்படுத்தத் தகுந்த முதல் சிலிக்கன் சூரிய மின்கலத்தை 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் செய்து காட்டியது. தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கியது. இன்றைய வீட்டுத் தகடுகள் 20 விழுக்காட்டை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் மாற்றுகின்றன.

இதில் நம்மில் பலர் தவறாக எண்ணும் ஒன்று உண்டு. சோலார் தகடு வெப்பத்தால் வேலை செய்வதில்லை. அதற்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமே. சூடு அதற்குப் பகை. தகட்டின் மேல் எழுதியுள்ள திறன் 25 டிகிரி வெப்பநிலையில் சோதித்துக் கண்டது. நம் பக்கத்து மே மாத நண்பகலில் மாடியில் உள்ள தகடு 65 டிகிரி வரை சூடேறும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறைந்தால், 40 டிகிரிக்கு 14 விழுக்காடு குறையும். அதாவது ஏழில் ஒரு பங்கு போய்விடும். அக்கினி நட்சத்திரத்தில்தான் நிறைய மின்சாரம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மழைமேகம் மூடும் ஐப்பசி, கார்த்திகையிலும் உற்பத்தி குறையும். இப்படி ஏறியும் இறங்கியும் வருவதைச் சராசரியாகப் பார்த்தால், நிழலில்லாத மாடியில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இந்த 4 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் மின் அட்டை

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பது வழக்கம். 2016-இல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற ஏற்பாடு வந்தது. அதற்கு மேல் கட்டணம் படிக்கட்டுப் போல ஏறும். 2024 ஜூலையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்த அட்டவணையைப் பாருங்கள். 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய். 401 முதல் 500 வரை 6.45. 501 முதல் 600 வரை 8.55. 601 முதல் 800 வரை 9.65. 801 முதல் 1,000 வரை 10.70. அதற்கு மேல் 11.80. குறைவாகச் செலவிடும் வீடுகளுக்கு அரசு தரும் மானியத்தால், கையிலிருந்து போவது இதைவிடவும் குறையலாம். கட்டணங்கள் அவ்வப்போது மாறுபவை. ஆகவே கணக்குப் போடுபவர் தம் வீட்டின் கடைசி ரசீதை வைத்தே போட வேண்டும்.

இந்தப் படிக்கட்டில்தான் முழு இரகசியமும் இருக்கிறது. சோலார் தகடு நமக்குப் பணம் தருவதில்லை. நாம் மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. கட்டுவதே குறைவாக இருந்தால் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? மேல்படியில் நிற்பவருக்கு ஒரு யூனிட் சேமித்தால் பத்து ரூபாய்க்கு மேல் மிஞ்சும். கீழ்ப்படியில் நிற்பவருக்கு அதே ஒரு யூனிட்டால் மிஞ்சுவது சில ரூபாய்தான். வெயில் இருவருக்கும் ஒன்றுதான். படிதான் வேறு.

சிஸ்டரின் சொற்படி ஓராண்டின் 6 ரசீதுகளையும் எடுத்துக் கூட்டினேன். பிறகு உறவினர் வீடுகள் இரண்டின் ரசீதுகளையும் கேட்டு வாங்கினேன். அந்த மூன்று வீடுகளின் கதை இதோ.

முதல் வீடு: எங்கள் வீடு

மூன்று மின்விசிறி, நான்கைந்து விளக்கு, தொலைக்காட்சி, மிக்சி, ஒரு சிறு குளிர்ப்பெட்டி. இரண்டு மாதச் சராசரி 190 யூனிட். 100 இலவசம் போக, மானியமும் போக, நாங்கள் கட்டுவது இருநூற்றுப் பத்து ரூபாயை ஒட்டி. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 ரூபாய்.

தகடு வைத்து ரசீது முழுவதும் பூஜ்யமானாலும் ஆண்டுக்கு மிச்சம் 1,300 ரூபாய்தான். போட வேண்டிய பணம் 70,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள். போட்ட பணம் திரும்பி வர 53 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நல்ல தகட்டின் ஆயுளே 25 ஆண்டு என்றுதான் உத்தரவாதத்தில் சொல்கிறார்கள். 'மின்கட்டணம் உயராதா?' என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நாளைக்கே கட்டணம் இரண்டு மடங்கானாலும் 27 ஆண்டு ஆகிறதே!

வந்தவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. 'கரண்ட் பில் வராது' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பில் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை.

இரண்டாம் வீடு: வாணியம்பாடிப் பெரியப்பா வீடு

மாடி வீடு. கூட்டுக் குடும்பம். இரண்டு ஏ.சி., தண்ணீர் மோட்டார், பெரிய குளிர்ப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம். சராசரி 900 யூனிட். மேலே சொன்ன அட்டவணைப்படி, முதல் 100 போக மீதிக்கு 5,940 ரூபாய் வருகிறது.

3 கிலோவாட் தகடு நாளுக்கு 12 யூனிட் வீதம் 60 நாளில் 720 யூனிட் தரும். பகலில் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போகும். இரவில் வேண்டியது கம்பியிலிருந்து வரும். போனதையும் வந்ததையும் கழித்து, வித்தியாசத்துக்கு மட்டும் கட்டணம் கட்டுவதை 'நிகர அளவீடு' என்பார்கள். பெரியப்பா கட்ட வேண்டியது 900-இல் 720 போக 180 யூனிட்டுக்கு மட்டுமே. அது 384 ரூபாய். மிச்சம் 5,556 ரூபாய். ஆண்டுக்கு 33,000 ரூபாய்க்கு மேல். மழை, தூசி, பழுது என்று தாராளமாகக் கழித்து 28,000 என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குச் சொன்ன விலை 2,00,000 ரூபாய். அரசு மானியம் 78,000 போக 1,22,000. நாலரை ஆண்டுக்குள் முதல் கைக்கு வந்துவிடும்.

இங்கே இன்னொரு நுட்பத்தையும் கண்டேன். 900 யூனிட் செலவிடும் வீட்டில் முதல் கிலோவாட் உச்சிப்படியிலிருந்து 240 யூனிட்டைக் குறைப்பதால் 2,421 ரூபாய் மிச்சம். இரண்டாவது கிலோவாட்டால் 1,950 ரூபாய். மூன்றாவதால் 1,185 ரூபாய்தான். அதாவது மூன்றாவது கிலோவாட்டின் பயன் முதலாவதில் பாதிகூட இல்லை. 'பெரிதாகப் போட்டால் இலாபமும் பெரிது' என்பது எப்போதும் சரியன்று.

மூன்றாம் வீடு: ஆம்பூர் அத்தை வீடு

இதுதான் கடினமான கணக்கு. சராசரி 420 யூனிட். கட்டணம் 1,569 ரூபாய். 2 கிலோவாட் தகடு 480 யூனிட் தரும். ரசீது முழுவதும் குறைந்தால் ஆண்டுக்கு 9,414 ரூபாய் மிச்சம். 70,000 ரூபாய் திரும்ப ஏழரை ஆண்டு. 'பரவாயில்லையே!' என்று தோன்றும்.

ஆனால் அத்தை வீட்டில் நான்கு பழைய மின்விசிறிகள் நாளெல்லாம் சுற்றுகின்றன. பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற புது வகை விசிறிக்கு 35 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், நான்கு விசிறிகளை மாற்றுவதால் மட்டும் இரண்டு மாதத்தில் 115 யூனிட் மிஞ்சும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 ரூபாய். ஒன்றுக்கு 3,000 ரூபாய் வீதம் 12,000 ரூபாய் செலவு. மூன்றரை ஆண்டில் முதல் வந்துவிடும். விசிறியை மாற்றிய பிறகு அத்தையின் செலவு 305 யூனிட் ஆகிவிடும். அப்போது அதே சோலாரின் முதல் திரும்பப் பன்னிரண்டு ஆண்டு ஆகும்.

ஆகவே முதலில் சிக்கனம், பிறகுதான் சோலார். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் பெரிய குடம் வாங்குவதில் பயனில்லை.

மின்வெட்டில் விளக்கு எரியுமா?

இந்தக் கணக்கையெல்லாம் அப்பாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு, "நான் பில்லுக்காக ஆசைப்படவில்லையம்மா. பரீட்சை நேரத்தில் கரண்ட் போய்விட்டால் நீயும் அக்காவும் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு படிக்கிறீர்கள். சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் விளக்கு எரியுமே என்றுதான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் படிப்புப் பணத்தை எங்கள் படிப்புக்காகவே எடுக்கத் துணிந்திருக்கிறார்!

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நினைவுதான் அப்பாவின் மனத்தில் இருந்தது. ஆனால் உண்மை என்னவென்றால், கம்பியுடன் இணைத்த சாதாரண சோலார் அமைப்பு மின்வெட்டின்போது தானாகவே நின்றுவிடும். நண்பகல் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் விசிறி சுற்றாது. இது குறைபாடு அன்று. ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடு. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் கைக்கு நம் மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது அல்லவா? அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மின்வெட்டிலும் எரிய வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். விலை கூடும். வீடுகளில் வழக்கமாக உள்ள ஈய பேட்டரிக்கு ஆயுள் ஐந்தாண்டை ஒட்டியே இருக்கும். பிறகு புதிது வாங்க வேண்டும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி, ஒவ்வொன்றிலும் சூரிய ஒளியால் எரியும் 5 விளக்குகள் என்று ஏற்பாடு செய்தார்கள். அது சில விளக்குகளுக்கு மட்டுமான சிறிய அமைப்பு. ரசீதைக் குறைக்கும் சோலார் வேறு. இருட்டில் எரியும் சோலார் வேறு. எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் தெளிய வேண்டும். வந்தவர் இந்த வேறுபாட்டைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கூரையைப் பாருங்கள்

மின் அட்டை 'ஆம்' என்று சொன்னாலும் கூரையும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. தகடு தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியை ஒட்டி இருப்பதால் 10 முதல் 15 டிகிரிச் சாய்வு போதும்.

நிழல் பொல்லாதது. தகட்டில் உள்ள மின்கலங்கள் சங்கிலிபோல் தொடராக இணைந்தவை. ஒரு தென்னை ஓலையின் நிழல் சில கலங்களின் மேல் விழுந்தாலும், அந்தத் தொடர் முழுவதன் உற்பத்தியும் பாதிக்கப்படும். ஆம்பூர் அத்தை வீட்டுக்குத் தெற்கே இரண்டு தென்னை மரங்கள். அடுத்த மனையில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி ஆகிய மூன்று வேளைகளிலும் மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்க்கச் சொன்னேன். மார்கழியிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்போதுதான் கதிரவன் தெற்கே மிகவும் தாழ்ந்து, நிழல் நீளும்.

ஓட்டு வீடு, தகரக் கூரை என்றால் தாங்குமா என்று பொறியாளரையோ அனுபவமுள்ள கொத்தனாரையோ கேட்க வேண்டும். காற்றில் பறக்காதபடி சட்டங்களைத் தளத்தில் நன்கு பிணைக்க வேண்டும். மலையடிவாரத்தில் குரங்குகள் வரும் வீடுகளும் உண்டு. தூசி படிந்தால் உற்பத்தி குறையும். மாதம் இருமுறையாவது கழுவ யார் மாடியேறுவது? வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இதுவும் ஒரு கேள்வியே. வாடகை வீடானால் கூரை நம்முடையதன்று. வீட்டுக்காரரின் சம்மதமின்றி ஒன்றும் செய்ய முடியாது.

நம் பக்கத்துக் காவலூரிலிருந்து இதற்கு ஒரு பாடம் கற்கலாம். வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960-களில் தொலைநோக்கி நிலையம் அமைக்க இடம் தேடினார். பல இடங்களையும் ஆராய்ந்த பின்பே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் தெரிவாயிற்று. 1968-இல் முதலில் வைத்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கிதான். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் இயங்கத் தொடங்கியது. முதலில் வானத்தைச் சோதித்தார்கள். பிறகு சிறிதாகத் தொடங்கினார்கள். பின்னரே பெரிதாக்கினார்கள். அவ்வளவு பெரிய அறிஞரே வானத்தை அளந்து பார்த்தார் என்றால், நாம் நம் மாடியை அளந்து பார்ப்பதில் என்ன வெட்கம்?

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 'பி.எம். சூர்ய கர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளுக்குச் சோலார் என்பது அதன் குறிக்கோள். அதில் அறிவித்த மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000. இந்த மானியம் கைக்கு எப்போது வரும் என்பதைக் கவனியுங்கள். தகடு பொருத்தி, மீட்டர் மாற்றி, அதிகாரிகள் பார்வையிட்ட பிறகே அது நம் வங்கிக் கணக்கில் சேரும். அதுவரை முழுத் தொகையையும் நாமோ வங்கிக் கடனோ தாங்க வேண்டும். கடன் என்றால் வட்டியையும் விலையோடு கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. நீங்கள் அரசுத் திட்டத்தில் பதிவு பெற்றவரா? விண்ணப்பம் என் பெயரில், என் மின் இணைப்பு எண்ணில்தானே போகிறது?

2. தகடுகளும் அவற்றின் மின்கலங்களும் இந்தியாவில் செய்தவையா? அவ்வாறு இல்லையென்றால் இத்திட்டத்தின் மானியம் கிடைக்காது.

3. தகட்டுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு? இன்வெர்ட்டர் தகட்டைவிட முந்திப் பழுதாகும். மாற்ற எவ்வளவு ஆகும்?

4. சட்டம், ஒயரிங், எர்த்திங், மீட்டர்ச் செலவு எல்லாம் இந்த விலைக்குள் அடக்கமா?

5. மின்வெட்டின்போது இது வேலை செய்யுமா? விடையை எழுதிக் கொடுப்பீர்களா?

6. ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும் என்று சொல்கிறீர்கள்? கிலோவாட்டுக்கு நாள் சராசரி 4-ஐ விட மிகவும் கூடுதலாகச் சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

இவற்றோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் ஒருமுறை நேரில் போய், நிகர அளவீட்டு விதிகளையும் கட்டணங்களையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 'இன்றைக்கே முன்பணம்' என்று அவசரப்படுத்துபவரிடம் 'ஒரு வாரம் கழித்து வாருங்கள்' என்று சொல்லுங்கள். கதிரவன் எங்கும் போய்விட மாட்டான்.

பணம் மட்டுமா கணக்கு?

'எல்லாவற்றையும் ரூபாயாலே அளக்கலாமா?' என்று ஒரு தோழி கேட்டாள். அளக்க முடியாதுதான். நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. மலிவாக முடிந்த வேலையின் விலையைப் பின்னால் வருபவர்கள் கட்ட வேண்டியிருக்கும் என்பதைப் பாலாற்றங்கரை மக்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் கழிவுநீரால் ஆறும் கிணறுகளும் கெட்டதைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நாடே அறியும்.

ஆகவே வசதி உள்ளவர், 'முதல் திரும்பி வரத் தாமதமானாலும் பரவாயில்லை, காற்று தூய்மையாக இருக்கட்டும்' என்று சோலார் வைத்தால் அது போற்றத்தக்கதே. ஆனால் அதை அறிந்து செய்ய வேண்டும். இலாபம் என்று நம்பிச் செய்து பின்னர் ஏமாறக் கூடாது. பிள்ளையின் படிப்புப் பணத்தை எடுத்தும் செய்யக் கூடாது. குறைவாகச் செலவிடும் ஏழை வீடு ஏற்கெனவே குறைவாகத்தான் கரியை எரிக்கிறது. அந்த வீட்டுக்கு இதில் குற்ற உணர்வு தேவையில்லை.

முடிவு

ஒரு வாரம் கழித்து அந்த விற்பனையாளர் மீண்டும் வந்தார். அப்பா என் கணக்குத் தாளை அவரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு வேண்டாம் சார். பெரிய பில் வரும் வீடு தெரிந்தால் சொல்லுங்கள்" என்றார். அப்பா பெரியப்பாவின் முகவரியைக் கொடுத்தார். பெரியப்பா இன்னும் இருவரிடம் விலை கேட்டு, மேற்சொன்ன ஆறு கேள்விகளையும் கேட்டு, 3 கிலோவாட் வைத்தார். மாடியில் நிழல் பார்க்க நானும் போயிருந்தேன். ஆம்பூர் அத்தை விசிறிகளை மாற்றிவிட்டு, பக்கத்து வீடு எழும்பும் வரை பொறுத்திருக்கிறார்.

சீட்டுப் பணம் அக்காவின் கல்லூரிக் கட்டணமாயிற்று. கட்டிவிட்டுத் திரும்பும் வழியில் அப்பா வாணியம்பாடியில் இறங்கி, சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கு ஒன்று வாங்கி வந்தார். ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. சென்ற அரையாண்டுத் தேர்வின்போது இரண்டு இரவுகள் மின்சாரம் போனது. அந்த விளக்கு எரிந்தது. நான் படித்தேன்.

தோழியரே, சோலார் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். நம் வீட்டுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். விடை விற்பவரின் வண்ணத் தாளில் இல்லை. நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மின் அட்டையில் இருக்கிறது. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து, கடைசி ஆறு கணக்குகளைக் கூட்டிப் பாருங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் போதும். பள்ளியில் கற்ற கணக்கு வீட்டைக் காக்கும் என்பதை அப்போது உணர்வீர்கள்.

— மேல்நிலை முதலாண்டு அறிவியல் பிரிவு மாணவி